கடைசி நாளைத் தமிழில் போதித்த தத்துவ போதக சுவாமிகள்



திருவழிபாட்டு ஆண்டு முடிகிற இந்த நவம்பர் ஞாயிறுகளில் பூசையில் வாசிக்கப்படும் சுவிசேஷம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. சூரியன் இருண்டுபோவதையும், வானத்துச் சக்திகள் அசைவதையும், மனுமகன் மேகங்களின்மேல் வருவதையும் கேட்கிறோம். பூசை முடிந்து வெளியே வரும்போது சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். உலகம் முடியப்போகிறதா? அந்திக்கிறிஸ்து பிறந்துவிட்டானா? இத்தனை அநியாயம் நடக்கிறதே, பசாசின் கைதான் ஓங்கியிருக்கிறதா? 2000ஆம் ஆண்டு பிறக்கவிருந்தபோதும் இந்தக் கேள்விகள் எழுந்தன; 2012இல் ஒரு புரளி கிளம்பியபோதும் எழுந்தன; 2020இல் கொள்ளைநோய் வந்தபோதும் எழுந்தன.

நம் பவானியிலோ இந்த விசாரம் இன்னும் ஆழமானது. காவேரியும் பவானியும் கலக்கிற கூடுதுறைக்கு ஆடி அமாவாசையன்று வந்து, இறந்துபோன தாய் தகப்பனை நினைத்துத் தண்ணீரில் இறங்கி நிற்கும் நம் அயலாரை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். செத்தவர்கள் எங்கே போகிறார்கள், திரும்பி வருவார்களா, எல்லாவற்றுக்கும் முடிவு என்ன என்ற கேள்வி மனிதர் எல்லாருக்கும் பொதுவானது. அந்தக் கேள்விக்கு நம் விசுவாசம் கூறும் பதிலை, தமிழ் அறிந்தோர் மதிக்கும் தமிழிலே, சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் விரிவாக எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. அவர் நம் கொங்கு நாட்டு மண்ணிலும் நடந்தவர். அவரே ராபர்ட் தெ நோபிலி என்னும் தத்துவ போதக சுவாமிகள்.

பிறப்பும் அழைத்தலும்

இவர் 1577ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ரோமாபுரியில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். மூன்றாம் ஜூலியுஸ் பாப்பரசர் இவருடைய குடும்பத்துக்கு உறவினர். பெரிய வேதசாஸ்திரியும் கர்தினாலுமான அர்ச். பெல்லார்மீனும் உறவினரே. அக்காலத்து ஐரோப்பாவில் கிறிஸ்தவர்கள் இரண்டுபட்டுக் கிடந்தார்கள். அந்திக்கிறிஸ்து என்ற பெயர் ஒருவரையொருவர் ஏசும் வசைச்சொல்லாகவே ஆகியிருந்தது. பாப்பரசரையே அப்படி அழைத்தவர்களுக்கு மறுப்பாகப் பெல்லார்மீன் நீண்ட அதிகாரங்கள் எழுதவேண்டியதாயிற்று. அதே கர்தினால் தம் முதுமையில், 1620இல், நல்ல மரணம் அடைவது எப்படி என்பதைப் பற்றியும் ஒரு சிறு நூல் எழுதினார். ஆக, கடைசி நாளைப் பற்றிய பேச்சு நோபிலிக்குச் சிறுவயதிலிருந்தே காதில் விழுந்த பேச்சுதான். ஆனால் அதைச் சண்டைக்கு ஆயுதமாக்காமல் ஆத்துமங்களுக்கு மருந்தாக்கும் வழியை அவர் தேடினார்.

குடும்பத்தார் இவரைப் பெரிய பதவிகளில் காண விரும்பினார்கள். இவரோ வீட்டைவிட்டு நேப்பிள்ஸ் நகருக்குப் போய்ச் சேசு சபையில் சேர்ந்தார். 1603இல் குருப்பட்டம் பெற்று, மறு ஆண்டு லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். அந்தப் பிரயாணத்தில் ஆப்பிரிக்கக் கரையோரம் கப்பல் உடைந்து அவதிப்பட்டு, 1605ஆம் ஆண்டு மே மாதம் கோவா வந்து சேர்ந்தார். பிறகு முத்துக்குளித்துறையில் தமிழ் படித்துவிட்டு, 1606 நவம்பரில் மதுரையில் கால் வைத்தார்.

மதுரையில் ஒரு துறவி

மதுரையில் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் நல்ல குருவானவர் முன்னமே பல ஆண்டுகள் உழைத்துவந்தார். கடற்கரையிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்கு அவர் ஞானமேய்ப்பராயிருந்தார். ஆனால் மதுரைவாசிகளில் எவரையும் அவர் வேதத்தில் சேர்க்க முடியவில்லை. காரணம் வேதத்தில் இல்லை, வெளிவேஷத்தில் இருந்தது. இது பரங்கியரின் மார்க்கம், இதில் சேர்ந்தால் பரங்கியராகிவிடுவோம் என்று மக்கள் எண்ணினார்கள். நோபிலி இதைக் கண்டார். மேலதிகாரிகளின் உத்தரவு பெற்று, கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். மாமிசத்தை விட்டார். ஒருவேளை மரக்கறி உணவோடு ஒரு குடிசையில் தனித்துத் தபசியைப்போல வாழ்ந்தார். சிவதருமர் என்னும் பிராமணப் பண்டிதரிடம் சமஸ்கிருதம் படித்தார். அந்த ஆசிரியரே 1609இல் ஞானஸ்நானம் பெற்றார்.

அவரிடம் முதல்முதல் வாதிக்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். சைவ சமயத்தைச் சேர்ந்த அவர் நாள்தோறும் பல மணி நேரம், ஏறக்குறைய 20 நாட்கள், சுவாமிகளோடு தர்க்கித்தார். தர்க்கம் எதைப் பற்றி? சர்வேசுரன் உலகத்தை எப்படி உண்டாக்கினார், ஆத்துமம் பல பிறவி எடுக்குமா என்பனவற்றைப் பற்றியே. முடிவில் அந்த ஆசிரியர் மனநிறைவோடு ஞானஸ்நானம் பெற்று ஆல்பர்ட் என்ற பெயரைத் தரித்துக்கொண்டார். இதை நாம் கவனிக்கவேண்டும். மரணத்துக்குப்பின் என்ன என்ற கேள்வியில்தான் மதுரையில் வேதபோதகத்தின் கதவு திறந்தது.

ஒரே பிறவி, ஒரே தீர்வை

சுவாமிகளுக்கு முன்னே, 1578இல், என்ரீக்கே என்ரீக்கஸ் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சாகியிருந்தது. அது சிறிய ஞானோபதேசம். விசுவாச சத்தியங்களைக் காரணம் காட்டி, ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லி, பெரிய உரைநடை நூல்களாக எழுதும் வேலை தத்துவ போதகருக்கு விடப்பட்டிருந்தது. ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், புனர்ஜென்ம ஆட்சேபம், தூஷணத் திக்காரம், நித்திய ஜீவன சல்லாபம், அநித்திய நித்திய வித்தியாசம் முதலிய நூல்கள் அவருடையவை. பெயர்களைப் பாருங்கள்: ஆத்துமம் என்ன, அழிவது எது, அழியாதது எது, நித்திய சீவியம் என்பது என்ன என்பவையே அவருடைய மனத்தை இரவும் பகலும் நிறைத்திருந்தன. சர்வேசுரன், கோவில், பூசை, குரு, வேதம் என்று நம் பாட்டிமார் செபமாலையோடு சேர்த்து உச்சரித்த சொற்கள் கிறிஸ்தவர்களிடையே வேரூன்றுவதற்கும் அவரே பெருங்காரணர்.

இந்த நாட்டு மக்கள் காலத்தைச் சக்கரம்போல எண்ணி வந்தார்கள். நான்கு யுகங்கள் மாறி மாறி வரும். கலியுகம் முற்றிப் பிரளயம் வரும். மீண்டும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அப்படியானால் தீமையும் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத்தான் வரும். தத்துவ போதகர் போதித்த சத்தியமோ வேறு. உலகத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு. மனிதனுக்கு ஒரு பிறவி உண்டு, ஒரு மரணம் உண்டு, ஒரு தீர்வை உண்டு. தீமை தோற்கும்போது ஒரேயடியாய்த் தோற்கும். மறு சுற்றில் எழுந்துவராது.

பலபிறவிக் கொள்கையை அவர் ஏளனம் செய்யவில்லை, காரணம் காட்டி மறுத்தார். முன்பிறவியில் செய்த குற்றம் ஒருவனுக்கு நினைவே இல்லாதபோது, அதற்காக வரும் தண்டனை அவனை எப்படித் திருத்தும் என்று கேட்டார். ஆத்துமம் கூண்டில் அடைபட்ட பறவைபோல உடலில் குடியிருக்கவில்லை, உடலோடு ஒன்றித்து ஒரே மனிதனாக இருக்கிறது என்று விளக்கினார். இந்தப் போதகத்தின் ஆழத்தை நாம் உணரவேண்டும். ஆத்துமம் பறவையானால் கூடு மாற்றிக்கொண்டே போகும். உடல் வெறும் குப்பை. உடலும் ஆத்துமமும் சேர்ந்ததே மனிதனானால், கடைசி நாளில் உடலும் உயிர்க்கவேண்டும். தறியில் உட்கார்ந்து தேய்ந்த விரலும், களை பறித்துக் காய்த்த கையும், பிள்ளையைச் சுமந்த வயிறும் மகிமையில் பங்கு பெறவேண்டும். சரீர உத்தானம் என்று நாம் விசுவாசப் பிரமாணத்தில் சொல்லுவது இதைத்தான்.

நம் ஊர் ஜமக்காளத் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். பாவு போட்டாயிற்று, நீளம் அளந்தாயிற்று. ஒவ்வொரு ஊடையும் ஒருமுறைதான் ஓடும். அடுத்த ஜமக்காளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த ஜமக்காளத்தைப் பாழாக்கும் நெசவாளி உண்டா? நம் சீவியமும் அப்படியே. ஒருமுறைதான் என்பதால் அது பயங்கரமானது. ஒருமுறைதான் என்பதால் அது விலைமதிப்பற்றதும்கூட.

பசாசைப் பற்றியும் நம் மக்களிடையே பெரும் பயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. பல்லி சொன்னால் பயம், பூனை குறுக்கே போனால் பயம், புளியமரத்தடியில் பயம். சுவாமிகள் சகுன நிவாரணம் என்றே ஒரு நூல் எழுதினார். நம் வேதத்தின்படி பசாசு சர்வேசுரனுக்குச் சமமான எதிரி அல்ல. அது படைக்கப்பட்ட ஒரு சம்மனசு. நல்லதாக உண்டாக்கப்பட்டுத் தன் மனதால் கெட்டுப்போனது. படைக்கப்பட்டது படைத்தவரை வெல்ல முடியாது. சிலுவையில் கிறிஸ்துநாதர் அதன் தலையை நசுக்கிவிட்டார். அது இப்போது துள்ளுவது அடிபட்ட பாம்பின் துள்ளல்தான்.

உள்ளிருந்து வந்த சோதனை

தீமையின் தோல்வியைப் போதித்தவருக்குத் துன்பம் வெளியாரிடமிருந்து மட்டும் வரவில்லை. சொந்தச் சகோதரரிடமிருந்தும் வந்தது. நோபிலி பரங்கி மார்க்கத்தை விட்டு மறு மார்க்கத்தில் சேர்ந்துவிட்டார் என்ற பேச்சு கோவாவுக்கும் ரோமாபுரிக்கும் எட்டியது. பெல்லார்மீன் கர்தினாலே முதலில் மனம் வருந்தி எழுதினார். விளக்கம் கேட்டபின் தேறி, ஆதரவாளரானார். வேதம் வேறு, ஊர் வழக்கம் வேறு. குடுமியும் சந்தனமும் பூணூலும் குலவழக்கமே அன்றி வழிபாடு அல்ல என்பது சுவாமிகளின் வாதம். 1619இல் கோவாவில் அதிமேற்றிராணியார் முன்னிலையில் ஒரு பெரிய சபை கூடி இதை விசாரித்தது. அங்கே அவருக்கு எதிராகவே பலர் பேசினார்கள். வழக்கு ரோமாபுரிக்குப் போயிற்று. 1623 ஜனவரி 31ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரியார் பாப்பரசர், மூடபக்தி கலவாதிருக்கும்படி நிபந்தனைகள் விதித்து, இந்த வழக்கங்களை அனுமதித்தார். இத்தனை ஆண்டுகளும் சுவாமிகள் கீழ்ப்படிதலை மீறவில்லை. சபையை விட்டு விலகவுமில்லை. படிப்பதிலும் எழுதுவதிலும் காத்திருப்பதிலும் காலத்தைக் கழித்தார்.

கொங்கு நாட்டுப் பயணம்

அதே 1623ஆம் ஆண்டில் அவர் மதுரையை விட்டு வடக்கே நடந்தார். திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலம் வந்தபோது, அங்கே ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். அங்கிருந்து சேலம் போனார். சேலத்திலோ தங்க இடம் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. திறந்த சாவடியிலே வெயிலிலும் மழையிலும் கிடந்து நோயுற்றார். பிரபு வீட்டில் பிறந்தவர், பாப்பரசரின் உறவினர், இன்று பவானியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு பொழுதுக்குள் போய்விடக்கூடிய ஊரிலே திண்ணைக்கு வழியில்லாமல் கிடந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் பொறுமை வென்றது. கொஞ்சம் கொஞ்சமாக மக்கள் வந்து கேட்கத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் திருமங்கல நாயக்கர். ஆளும் குடும்பத்தில் பிறந்தும் ஆட்சியை இழந்து நின்றவர். இவ்வுலக இராச்சியம் கைவிட்டுப் போனதை அனுபவித்தவருக்கு, முடிவில்லாத இராச்சியத்தைப் பற்றிய போதகம் நெஞ்சில் தைத்தது. 1625இல் அவர் ஞானஸ்நானம் பெற்றுக் கான்ஸ்தந்தீன் என்ற பெயரை ஏற்றார். சேலம் வட்டாரத்து மோரமங்கலம் அக்காலத்தில் வேதபோதகத்தின் ஒரு முக்கிய இடமாயிற்று. 1640களில் சத்தியமங்கலம் பகுதியிலும் சேசு சபைக் குருக்கள் போதிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தியமங்கலத்தைத் தொட்டுவரும் ஆற்றுத் தண்ணீர்தான் நம் கூடுதுறையில் காவேரியோடு சேருகிறது.

சொல்லாமல் விடக்கூடாத குறை

பெரியவர்களின் சரித்திரத்தில் குறையை மறைப்பது நமக்குப் பிரயோசனமில்லை. சாதி வேற்றுமைகளை ஊர் வழக்கம் என்று ஏற்றுக்கொண்டே சுவாமிகள் உழைத்தார். மேல்சாதியார் அருவருத்து விலகிப்போவார்களென்று, பெர்னாந்தஸ் அடிகளாரின் கோவிலோடு வெளிப்படையாகக் கலவாமலும் இருந்தார். பிறகு ஒடுக்கப்பட்ட மக்களிடையே போக வேறு வேஷம் வேண்டுமென்று கண்டு, 1640ஐ ஒட்டி பல்தசார் தா கோஸ்தா அடிகளார் பண்டார சுவாமி என்ற கோலத்தில் ஊழியம் தொடங்கினார். பல்லாயிரம் ஏழைகள் அவர்கள் வழியாகத்தான் வேதத்தில் சேர்ந்தார்கள். ஆனால் பூட்டிய வாசலைத் திறக்க எடுத்த வழி, உள்ளே சுவரை விட்டுவைத்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் சில கோவில்களில் சாதிக்கொரு பக்கம் பிரிந்தது. சில கல்லறைத் தோட்டங்களில் இறந்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுந்தது. அந்தப் பாவத்தையெல்லாம் சுவாமிகள் ஒருவர் தலையில் சுமத்துவது நீதியாகாது. அது நம் எல்லாருடைய பாவம்.

அவர் போதித்த சத்தியமே அந்தச் சுவரைத் தீர்ப்பிடுகிறது. முன்பிறவி இல்லையென்றால், ஒருவன் முன்செய்த வினையால் தாழ்ந்த குலத்தில் பிறந்தான் என்று சொல்ல நமக்கு வாயில்லை. பொதுத்தீர்வை நாளில் வலப்பக்கம், இடப்பக்கம் என்ற இரண்டைத் தவிர வேறு வரிசை இல்லை. அந்த வரிசையும் குலத்தைப் பார்த்து அல்ல. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, தாகித்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தாயா என்பதைப் பார்த்தே பிரிக்கப்படும். எக்காளம் ஊதும்போது கல்லறைத் தோட்டத்துச் சுவரின் இரண்டு பக்கத்தாரும் ஒரே சமயத்தில்தான் எழுந்திருப்பார்கள்.

சிறையும் இருளும் முடிவும்

1640இல் மதுரையில் விரோதிகளின் தூண்டுதலால் சுவாமிகளும் அவருடைய துணைக் குருவும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1641இல் திருமலை நாயக்கரின் ஆட்சியில் விடுதலை கிடைத்தது. சுவடிகளில் கண்ணை வைத்து வைத்து ஏற்கெனவே மங்கியிருந்த பார்வை மேலும் மங்கிற்று. மேலதிகாரிகள் அவரை முதலில் யாழ்ப்பாணத்துக்கும், பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பினார்கள். அர்ச். தோமையாரின் கல்லறையுள்ள அந்த ஊரிலும் அவர் வசதியைத் தேடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் பழைய தபசு மாறாமல் வாழ்ந்தார். எழுத முடியாத கண்ணோடு, தம்மோடு இருந்த கிறிஸ்தவ பிராமணர்கள் எழுத, தாம் சொல்லச் சொல்லத் தம் நூல்களைத் திருத்தினார். 1656 ஜனவரி 16ஆம் நாள் சர்வேசுரன் பாதம் சேர்ந்தார். 50 ஆண்டுகள் இந்த நாட்டில் உழைத்தவர். பிறந்த ரோமாபுரியை ஒருபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருடைய கையெழுத்துச் சுவடிகள் நெடுங்காலம் நூலகங்களில் கிடந்தன. 1960களில் சேசு சபைக் குரு இராசமாணிக்கம் அடிகளார் முயன்று பலவற்றை அச்சேற்றினார். விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை.

நமக்கு என்ன பாடம்?

கடைசி நாள் எப்போது என்று தேதி குறிப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று சேசுநாதரே சொல்லியிருக்க, நாம் அந்தக் கணக்கில் இறங்கவேண்டிய தேவை என்ன? கிறிஸ்துநாதர் ஆயிரம் ஆண்டு பூமியில் அரசாளுவார் என்ற எண்ணத்தைத் திருச்சபை ஏற்கவில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், முடிவுக்குமுன் விசுவாசிகளை அசைக்கும் ஒரு பெருஞ்சோதனை உண்டென்றும், ஆனால் இராச்சியத்தின் நிறைவு திருச்சபை படிப்படியாக ஓங்கி அடையும் வெற்றியால் அல்ல, தேவனுடைய வெற்றியால் வரும் என்றும் போதிக்கிறது. திருச்சபை தன் ஆண்டவர் போன வழியில்தான் போகும்: சிலுவை முன்னே, உத்தானம் பின்னே.

தத்துவ போதக சுவாமிகளின் சீவியம் இதற்கு ஒரு சாட்சி. சேலத்துச் சாவடியில் நோயாய்க் கிடந்தபோதும், மதுரைச் சிறையில் இருந்தபோதும், மயிலாப்பூர்க் குடிசையில் கண் தெரியாமல் இருந்தபோதும், தீமை வென்றுவிட்டதாகத்தான் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவரோ அடுத்த ஏட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். பசாசைத் தோற்கடிப்பது கர்த்தருடைய வேலை. அதுவரை, நமக்கு அளந்து கொடுத்த பாவில் ஒவ்வொரு ஊடையையும் நேராய் ஓட்டுவது நம் வேலை.

இந்த மாதம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, நம் சொந்தக்காரர் கல்லறையில் மட்டும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பவேண்டாம். பேர் எழுதாத மண்மேட்டிலும், சுவருக்கு அப்பால் சுவர் இருக்குமானால் அங்கேயும், ஒன்று ஏற்றுவோம். கடைசி நாளில் நம்மோடு சேர்ந்து எழுந்திருக்கப்போகிறவர்கள் அவர்களே.